புளிக்கொழம்பு, களி, ரசம்

குடிநீர்க் குழாய் கழிவுநீர்க் கால்வாய்க்குள் செல்லக் கூடாது. குறுக்கே கடக்க நேர்ந்தால் கால்வாய்க்கு மேலாகக் கடக்க வேண்டும்; கடக்கும் இடத்தில் இணைப்பு இருக்கக் கூடாது. இது குறித்துப் புகார் வந்தால் மனுதாரரை உடன் வைத்துக்கொண்டு இடத்தைப் பார்வையிட்டு, முப்பது நாட்களுக்குள் எழுத்துமூலம் பதில் தர வேண்டும். ஒன்றிய அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம் உட்கார்ந்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன் நான். இந்த வாசகத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். இதை முழுதாகப் பின்பற்றிய ஒரு கோப்பைக்கூடப் பார்த்ததில்லை என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிடலாம்.

எந்த ஒன்றியம் என்று எழுதப் போவதில்லை. எந்த ஆஸ்பத்திரி என்றும் எழுதப் போவதில்லை. ஆஸ்பத்திரி பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் இடையில். ஊர் திருமானூர் பஸ் போகிற பக்கம். அது போதும். அந்த அம்மாளின் பெயரையும் இங்கே எழுதவில்லை. ஒருமுறை எழுதினேன், ஒரு மனுவில். அதனால் என்ன ஆனது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

வார்டில் எல்லோருக்கும் அவர் ஆயாம்மா. ஐம்பது வயது இருக்கும். புடவைக்கு மேல் கான்ட்ராக்ட் கம்பெனி கொடுத்த நீலக் கோட்டு. அதன் பையில் எப்போதும் ஒரு சின்ன டார்ச் லைட். கூட்டுவது, துடைப்பது, பெட்பேன் எடுப்பது, மூத்திரப் பையையும் சீழ்ப் பையையும் காலி செய்வது அவர் வேலை. சீழ்ப் பையைக் காலி செய்யும்முன் அதை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பிடிப்பார். வெளிச்சம் போதாவிட்டால் டார்ச் அடிப்பார். பிறகு திறந்து, மூக்குக்குக் கொண்டுபோவார்.

மற்றவர்கள் எதைக் கண்டு முகத்தைத் திருப்புவார்களோ, அதை இவர் உற்றுப் பார்ப்பார். அவரைப் பற்றிச் சொல்ல இருப்பது இந்த ஒன்றுதான். நான் அதற்கு நேர் எதிர். பிறர் குடித்த தம்ளரைப் பார்த்தாலே எனக்குத் தொண்டையில் ஏதோ மேலே வரும். பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரர் தொண்டையைச் செருமினால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடலாமா என்று யோசிப்பேன். எங்கள் இருவரையும் ஒரே வார்டில் பதினொரு நாள் வைத்த விதியைப் பற்றி எந்தக் கையேட்டிலும் இல்லை.

எனக்கு முதலில் குளிர்க்காய்ச்சல். மாலை ஆனால் பல் அடிக்கும். காலையில் சட்டை நனைந்திருக்கும். டவுன் டாக்டர் டைபாய்டு என்றார். வலது தோள் வலித்தது. இரவில் ஒருக்களித்துப் படுத்ததால் இருக்கும் என்று தைலம் தேய்த்தேன். ஈரலில் கோளாறு என்றால் தோள் வலிக்கும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? விலா எலும்புக்குக் கீழே கை வைத்தால் உயிர் போகிறது என்ற நிலை வந்த பிறகுதான் ஸ்கேன். ஸ்கேன் பார்த்த இளம் டாக்டர் என் மனைவியைத் தனியே கூப்பிட்டு, "ஈரல்ல ஒரு கட்டி இருக்கும்மா, சாத்துக்குடி சைசுக்கு" என்றாராம்.

எங்கள் பக்கத்தில் கட்டி என்று டாக்டர் சொன்னால் அதற்கு ஒரே அர்த்தம். மனைவி பெங்களூரில் இருக்கும் மகனுக்குப் போன் செய்தாள். மகன் அழுதான். சாயந்திரத்துக்குள் உடையார்பாளையத்திலிருந்து உறவுக்கூட்டம் வந்துவிட்டது. கட்டிலைச் சுற்றி நின்று என் முகத்தைப் பார்க்காமல் குளுக்கோஸ் பாட்டிலைப் பார்த்தார்கள். மச்சினன் மட்டும் குனிந்து, "மாமா, வாரிசு பேரெல்லாம் பென்ஷன் புக்குல சரியா இருக்குதா?" என்றான். நல்ல கேள்வி. அவனுக்கு நடைமுறை சொல்லிக்கொடுத்ததே நான்தான்.

அப்போதுதான் ஆயாம்மாவை முதலில் பார்த்தேன். துடைப்பத்தோடு வந்தவர் நிமிர்ந்து என் மனைவியைப் பார்த்தார்.

"ஏம்மா அழுவுறீங்க?"

"ஈரல்ல கட்டியாம்."

"ஆமா கட்டிதான். மொளைக்கிற கட்டி இல்லம்மா, ஒடையற கட்டி. புள்ளைங்களுக்குச் சித்திரையில முதுவுல வேனக்கட்டி வருமுல்ல? அதுதான் எடம் மாறி உள்ள போயி உக்காந்துருக்குது. ஊசிய வுட்டு இழுத்தா போச்சு. சீழ்க்கட்டின்னு முழுசா சொல்லணும். இந்த டாக்டர் தம்பிங்க சீழ முழுங்கிட்டுக் கட்டிய மட்டும் துப்புறாங்க."

என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்குக் குமட்டியது. ஒரு சொல்லின் முன்பாதியை யாரோ விழுங்கியதால் ஆறு மணி நேரம் நான் புற்றுநோயாளியாக இருந்திருக்கிறேன். பெரிய டாக்டர் மறுநாள் வந்து சொன்னதும் அதேதான், கொஞ்சம் நீளமாக. அசுத்தமான தண்ணீரிலோ சாப்பாட்டிலோ வருகிற அமீபா குடலில் குடியேறி, ரத்தத்தோடு ஈரலுக்குப் போய், அங்கே சதையைக் கரைத்துக் குழி பறிக்கிறது. சின்னக் குழி என்றால் மருந்து மட்டும் போதும். எனக்கு வந்ததுபோல் பெரிதாகி, உடைந்துவிடும் என்ற பயம் இருந்தால் குழாய் போட்டு வடிக்க வேண்டும்.

அசுத்தம் என்றால் எந்த அசுத்தம் என்று கேட்டேன். டாக்டர் தயங்கினார். தரை துடைத்துக்கொண்டிருந்தவர் தயங்கவில்லை. "பீத்தண்ணிதான் சார். நாசூக்கா என்ன இருக்குது அதுல."

ஸ்கேனில் பார்த்துக்கொண்டே விலா இடுக்கில் மரத்துப்போக ஊசி போட்டு, ஒரு குழாயைச் செருகினார்கள். உள்ளே போனதும் அதன் நுனி சுருண்டுகொள்ளுமாம், கழன்று வராமல் இருக்க. அதற்கு இங்கிலீஷில் பன்றிவால் என்று பெயர். சைவக் குடும்பத்தில் பிறந்து, பன்றியைக் கண்டால் தெருவின் மறுபக்கம் நடந்தவன் ஈரலில் பன்றிவாலோடு படுத்திருந்தேன். நரம்பில் ஏற்றிய மருந்து வாயில் பழைய பித்தளைக் குண்டாவை நக்கிய ருசியைக் கொடுத்தது. எதைத் தின்றாலும் குண்டா.

மறுநாள் காலை பையைத் தூக்கி ஜன்னலுக்குக் கொண்டுபோனார் ஆயாம்மா.

"புளிக்கொழம்பு" என்றார்.

"என்னது?"

"கலரு சார். நல்ல கெட்டிப் புளிக்கொழம்பு. அமீபான்னா இதுதான் வரும். நாத்தமும் இருக்காது பாருங்க." பையை என் பக்கம் நீட்டி டார்ச் அடித்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். "உங்க ஒடம்புல வந்ததுதானே சார், பாக்க என்ன கூச்சம்? வெள்ளையா மஞ்சளா வந்து நாத்தமடிச்சாத்தான் அது வேற கிருமி. சக்கரைக்காரங்களுக்கு வரும், பித்தப்பையில கல்லு இருந்தா வரும். அதுக்கு வேற மருந்து. இது நாறாத சனியன்."

அவரிடம் ஒரு வரிசை இருந்தது. முதல் நாள்களில் புளிக்கொழம்பு. சிலருக்குக் கேழ்வரகுக் களிபோல் இறுகி வந்து குழாயை அடைத்துக்கொள்ளும்; அப்போது நர்ஸம்மாவைக் கூப்பிட்டுக் கழுவச் சொல்ல வேண்டும். பிறகு தெளிந்து ரசம் ஆகும். ரசமும் குறைந்து பையின் அடியில் ரெண்டு ஸ்பூன் நின்றால் மறுபடி ஸ்கேன் பார்த்துவிட்டுக் குழாயை எடுப்பார்கள். இளம் டாக்டர் ரவுண்டு வரும்போது, "என்ன ஆயாம்மா, எட்டாம் பெட்டு என்ன சமையல்?" என்று கேட்பார். "களி சார், நேத்துலேர்ந்து" என்பார் இவர். டாக்டர் அதை இங்கிலீஷில் எழுதிக்கொள்வார். மொழிபெயர்ப்புக்குச் சம்பளம் எழுதினவருக்கு.

பகல் ஒரு மணிக்கு ஆயாம்மா கை கழுவிவிட்டு வார்டு கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து டப்பாவைத் திறப்பார். கை கழுவுவதில் மட்டும் அவசரப்பட மாட்டார். முழங்கை வரைக்கும் சோப்பு, இரண்டு தடவை. ஒருநாள் டப்பாவில் புளிக்குழம்பு. சோற்றில் ஊற்றிப் பிசைந்து நிதானமாகச் சாப்பிட்டார். என் கட்டிலிலிருந்து எல்லாம் தெரிந்தது. நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். அதன் பிறகு என் வீட்டில் புளிக்குழம்பு வைப்பதில்லை.

இத்தனை சொல்கிறேனே, அவர்மேல் அன்பு என்று அப்போது எதுவும் இல்லை. பயம் கலந்த அருவருப்பு என்றால் சரியாக இருக்கும். அவர் வாசனை பார்த்த மூக்கோடு என் தலையணையை நோக்கிக் குனிந்தால் உடம்பு சுருங்கும்.

வார்டில் எங்கள் பகுதியில் நாலைந்து பேருக்கு இதே கட்டி. இளம் டாக்டர் எல்லோரிடமும் ஒரே கேள்வி கேட்பார்: "குடிப்பீங்களா?" பதில் எதுவானாலும் சீட்டில் குடிப்பழக்கம் என்று விழுந்துவிடும். எனக்கும் விழுந்தது. பென்சிலால் அடித்துச் சரி செய்யச் சொல்லி ஒரு சண்டை போட்டேன். பேனாவால் அடித்துக் கையெழுத்துப் போட வேண்டும், பென்சிலால் அடிக்கக் கூடாது என்று பிறகு ஞாபகம் வந்து இன்னொரு சண்டை போட்டேன்.

ஆயாம்மாவின் கேள்வி வேறு. "எந்த ஊரு? எந்தத் தெரு? எந்தக் கொழா?"

பக்கத்துக் கட்டிலில் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவர் ஒருவர் இருந்தார். ஆயாம்மாவின் தெருக்காரர்.

"அவுரு குடிப்பாரு சார், நான் இல்லங்கல" என்றார் ஆயாம்மா என்னிடம். "குடிக்கிறவங்களுக்கு இது லேசா பத்திக்கும், டாக்டரே சொல்லிருக்காரு. ஆனா மாசியில எங்க தெரு பொம்பள ரெண்டு பேரு வந்தாளுங்களே, பத்தொம்பதாம் பெட்டு ஒருத்தி, நாலாம் பெட்டு ஒருத்தி. அவளுங்க எந்தக் கடையில போயிக் குடிச்சாளுங்க? மூணு பேருக்கும் ஒரே புளிக்கொழம்பு. மூணு பேரும் கடைசிக் கொழா."

"ஏத்தா, என்னய ஏன் இழுக்கற?" என்றார் லாரிக்காரர்.

"உன்ன இழுக்கலடா. உன் பையத்தான் இழுக்கறேன்."

பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க எங்க சார் தண்ணி குடிச்சீங்க?"

"கேன் தண்ணிதான். வெளியில எங்கயும் தொட மாட்டேன்."

"நல்லா யோசிங்க. ரெண்டு மாசம் மூணு மாசம் முன்னாடி. மோரு? சர்பத்து? சட்னி?"

மோர் என்றதும் எனக்கு நினைவு வந்தது. அலுவலகத்தில் எனக்குக் கீழே வேலை பார்த்த ஒருவன் ஓய்வு பெற்று, ஒரு கிராமத்து எல்லையில் மனை வாங்கி வீடு கட்டிப் புதுமனை புகுவிழாவுக்கு அழைத்திருந்தான். தை மாதக் கடைசி முகூர்த்தம், அன்றைக்கே வெயில். நீர்மோர் கொடுத்தார்கள். பெருங்காயமும் இஞ்சியும் தூக்கலாக இருந்தது. பாராட்டி மூன்று தம்ளர் குடித்தேன். மோர் நீர்மோர் ஆவதற்கு நீர் எங்கிருந்து வரும் என்று கேட்கத் தோன்றவில்லை.

ஊர்ப் பெயரைச் சொன்னேன். ஆயாம்மா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார்.

"புது மச்சு வூடு. பச்சை பெயிண்டு. வாசல்ல ரெண்டு தென்னங்கன்னு."

"ஆமா."

"எங்க தெருவுக்கு வர்ற லைனுல தட்டி எடுத்ததுதான் சார் அந்த வூட்டுக் கனெக்சன்."

நான் வேலை பார்த்த ஒன்றியம் அது. அந்தக் குழாயைப் போட்ட வேலையின் கோப்பு என் மேசை வழியாகப் போனது. ஊர்த் தெருக்களுக்குக் கால்வாய்க்கு மேலே எடுத்துவிட்டு, கடைசியில் இருக்கும் அவர் தெருவுக்கு மட்டும் பள்ளம் தோண்டச் சோம்பல்பட்டுச் சாக்கடைக்குள்ளேயே இழுத்திருந்தார்கள். அப்போது வந்த ஒரு புகாரும் நினைவிருக்கிறது. ஆய்வின்போது மனுதாரர் நேரில் ஆஜராகாததால் முடித்து வைக்கப்படுகிறது என்று குறிப்பு எழுதி மேலே அனுப்பினேன். அப்படி எழுதினால் யாரும் கேள்வி கேட்க முடியாது. நல்ல வாசகம். என்னிடமிருந்து பிற இருக்கைகளுக்கும் பரவியது. நான் முடித்து வைத்த கோப்பை மூன்று தம்ளர் நீர்மோராகக் குடித்துவிட்டு வந்து படுத்திருந்தேன்.

"நீங்க அந்த ஆபீசுலயா சார் இருந்தீங்க?" என்றார் ஆயாம்மா. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "அப்ப நல்லதாப் போச்சு. ஒரு போனப் போடுங்க. அந்த ஒரு மொழம் கொழாயத் தூக்கி மேல போட்டா முடிஞ்சுது. மழை வர்றதுக்குள்ள போட்டாத் தேவல. சாக்கடை ரொம்புனா இன்னும் எத்தினி பேரு வருவாங்களோ."

போன் செய்திருக்க வேண்டும். இன்றைக்கு யோசித்தால் அவ்வளவுதான் செய்திருக்க வேண்டும். ஆனால் போனில் சொன்னதற்கு ஆதாரம் கிடையாது என்று அவருக்கு விளக்கினேன். மனு முறையாகப் போக வேண்டும். எண் வாங்க வேண்டும். ஓய்வு பெற்றவன், வெளியூர்க்காரன், நான் மனுதாரராக முடியாது. பாதிக்கப்பட்ட தெருவில் குடியிருப்பவர்தான் மனுதாரராக இருக்க வேண்டும். எல்லாம் சரியான நடைமுறை. பழைய அலுவலகத்தில் என் பெயர் அடிபட வேண்டாம் என்பது நடைமுறையில் சேராத காரணம். அதை அவரிடம் சொல்லவில்லை.

என் விலாவிலிருந்து குழாயை எடுத்த அன்று கட்டிலில் உட்கார்ந்து மனுவை எழுதினேன். அழகான மனு. பார்வை ஒன்று, பார்வை இரண்டு எல்லாம் போட்டு. அவர் பெயரை எழுதி, கையெழுத்து வாங்கினேன். அவர் தெருவுக்குத் தபால்காரர் வருவது அபூர்வம் என்பதால் பதில் முகவரிக்கு மட்டும் என் வீட்டைக் கொடுத்தேன்.

"ஆய்வுக்கு வருவாங்க. அன்னைக்கு நீங்க கட்டாயம் அந்த எடத்துல நிக்கணும்" என்றேன். "இல்லேன்னா மனுவ முடிச்சுடுவாங்க."

"முடிச்சுடுவாங்கன்னா?"

"இல்லாமப் பண்ணிடுவாங்க."

"நிக்கறேன் சார். நிக்கறதுக்கு என்ன, நானா செத்தாப் போயிட்டேன்?"

வீட்டுக்குக் கிளம்பும்போது மாத்திரைச் சீட்டைப் பிடுங்கிப் பார்த்தார். "இந்தக் கடைசி மாத்திரைய வுட்டுறாதீங்க. காச்ச நின்னுடுச்சுன்னு பாதிப் பேரு இதத் தூக்கிப் போட்டுர்றான். ஈரல்ல இருக்கறது செத்துடும், கொடல்ல இருக்கறது சாவாது. கூரையக் கழுவிட்டுத் தரைய அப்பிடியே வுட்ட மாதிரி. மறுபடி ஏறும்." நான் ஒரு மாத்திரையும் விடவில்லை. பயம் அல்ல, அருவருப்பு.

பிறகு அவர் எனக்குப் போன் செய்வார், வாரம் ஒருமுறை. நாளைக்கு ஆய்வு என்று அலுவலகத்திலிருந்து சொன்னார்களாம். லீவு போட்டுவிட்டுச் சாக்கடை ஓரத்தில் காலை ஒன்பதிலிருந்து நின்றாராம். யாரும் வரவில்லை. இன்னொரு முறையும் அப்படியே. மூன்றாவது முறையும் அப்படியே. கான்ட்ராக்டில் லீவு என்றால் சம்பளம் பிடிப்பதோடு நிற்காது. ஐந்தாவது லீவுக்கு ஆளை மாற்றிவிடுவார்கள் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டான்.

"விட்டுடலாமா?" என்று கேட்டேன்.

"எப்பிடி சார் வுடறது? லாரிக்காரன் சம்சாரத்துக்குக் காச்சலு. மாசமா வேற இருக்கா. அவளக் காப்பித் தண்ணியிலேர்ந்து எல்லாத்தையும் கொதிக்கவெச்சுக் குடிக்கச் சொல்லியிருக்கேன். எத்தினி நாளைக்கு வெறகு எரிப்பா?"

ஆனி பாதியில் ஒரு நாள் பேச்சோடு பேச்சாக, "தோளு வலிக்குது சார்" என்றார்.

"எந்தத் தோளு?"

"வலது."

அந்த வலி என்ன என்று எனக்குத் தெரியும். எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான்.

"காச்சல் இருக்கா?"

"சாயங்காலம் ஆனாக் கொஞ்சம்."

"இன்னைக்கே ஸ்கேன் பாருங்க. ஆஸ்பத்திரியிலதானே இருக்கீங்க."

"பாத்தாப் படுக்க வெச்சுடுவாங்க சார். வெள்ளிக்கெழம கண்டிப்பா வர்றோம்னு ஆபீசுல சொல்லியிருக்காங்க. இருக்கறது ஒரு லீவு. அத அங்க நிக்கறதுக்கு வெச்சிருக்கேன். ஆய்வு முடியட்டும், அன்னைக்கு மத்தியானமே போயிப் படுத்துக்கறேன்."

ஆய்வு எக்கேடும் கெடட்டும் என்று நான் சொல்லவில்லை. காய்ச்சல் மாத்திரை போட்டுக்கொள்ளுங்கள், வெள்ளிக்கிழமை தாண்ட வேண்டாம் என்றேன். அவ்வளவு நடைமுறை எனக்குத் தெரிந்திருந்தது.

வியாழன் சாயங்காலம் வேலை முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். கட்டி உள்ளேயே உடைந்து வயிற்றுக்குள் பரவிவிட்டது. நெஞ்சுப் பக்கம் உடைந்தால் இருமலில் வரும், வயிற்றுப் பக்கம் உடைந்தால் வயிறு பலகை ஆகும் என்று அவரே எங்களுக்குச் சொல்லியிருக்கிறார். வயிறு பலகை ஆகியிருந்தது. வெள்ளிக்கிழமை காலை வயிற்றைத் திறந்து கழுவி, இரண்டு பக்கமும் குழாய் வைத்தார்கள்.

எனக்கு லாரிக்காரர்தான் போன் செய்தார். சனிக்கிழமை போனேன். அதே வார்டின் பக்கத்து அறை. நீலக் கோட்டு இல்லாமல் அவர் சின்னதாகத் தெரிந்தார். அவர் இடத்தில் அதற்குள் புது ஆள் போட்டிருந்தார்கள், ஒரு பெண். பையைக் காலி செய்ய வந்தவள் முகத்தை முழுக்க மறுபக்கம் திருப்பிக்கொண்டு, கையை மட்டும் நீட்டிக் குழாயைத் தேடினாள்.

"மூஞ்சியத் திருப்பாத" என்றார் கட்டிலில் இருந்தவர். குரல் வரவில்லை, காற்றுதான் வந்தது. "என்ன கலருன்னு சொல்லு."

அவள் சொல்லவில்லை. "சாமி" என்று ஏதோ முணுமுணுத்தாள். அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அது நான்தான், புடவை கட்டிக்கொண்டு.

ஆயாம்மா என்னைப் பார்த்தார். "நீங்க பாருங்க சார்."

பையை வாங்கினேன். சூடாக இருந்தது. அதை நான் எதிர்பார்க்கவில்லை. ஜன்னலுக்குக் கொண்டுபோனேன், வெளிச்சம் போதவில்லை. அவர் தலையணைக்கடியில் கையைக் காட்டினார். டார்ச் இருந்தது. அடித்துப் பார்த்தேன்.

"புளிக்கொழம்பு" என்றேன்.

"கெட்டியா?"

"கெட்டி."

"நாத்தம்?"

திறந்து முகர்ந்தேன். இருந்தது. வெறும் சீழ் நாற்றமில்லை. குடலும் கெட்டிருக்கிறது என்று அதற்குப் பொருள் என்பது பிறகு டாக்டர் சொல்லித் தெரிந்தது. அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்காது.

"இல்ல" என்றேன்.

என் முகத்தைப் பார்த்தார். அவர் உற்றுப் பார்த்தால் எதுவும் மறையாது. "சரி சார்" என்றார். பிறகு, "நேத்து வந்தாங்களா?" என்றார்.

"விசாரிக்கறேன்."

வராந்தாவுக்கு வந்து வாஷ்பேசினில் வாந்தி எடுத்தேன். முழங்கை வரைக்கும் இரண்டு தடவை சோப்புப் போட்டேன்.

வந்தார்களாம். வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கு, ஜீப்பில். லாரிக்காரரின் மனைவி வயிற்றைத் தூக்கிக்கொண்டு ஓடி, குழாய் இங்கே கிடக்கிறது பாருங்கள் என்று காட்டினாளாம். மனுதாரர் யார் என்று கேட்டார்களாம். ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்றாளாம். அப்படியானால் அவர் வரட்டும் என்று ஜீப் திரும்பிவிட்டது. ஜீப்பில் இருந்தவரை எனக்குத் தெரியும். என் இருக்கையில் என்னிடம் வேலை பழகியவர்.

செவ்வாய்க்கிழமை ஆயாம்மா போய்விட்டார். நோயாளிச் சீட்டின் நகலை அவர் தம்பி கொண்டுவந்து காட்டினான். குடிப்பழக்கம் என்ற இடத்தில் 'உண்டு' என்று இருந்தது. யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கை பழக்கத்தில் எழுதியிருக்கும்.

அன்று மதியம் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். ஆதாரமில்லாத, எண்ணில்லாத, முறையில்லாத போன். நான் பேசிய சொற்களை இங்கே எழுத முடியாது. ஒரு வாரத்தில் இரண்டு ஆட்கள் வந்து, ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூடுதலான குழாயை அறுத்து, சாக்கடைக்கு மேலே தூக்கி வைத்துவிட்டுப் போனார்கள். அரை நாள் வேலை. லாரிக்காரரின் மனைவி இன்னும் தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான் குடிக்கிறாள். நல்லது.

குழாய் மாறியது எந்தக் கோப்பிலும் ஏறவில்லை. மனுவுக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. மனு தன் வழியில், இருக்கை இருக்கையாக வந்துகொண்டிருந்தது. பெண்கள் புது மஞ்சள் கயிறும் காதோலையும் எடுத்துக்கொண்டு கொள்ளிடத்துக்குப் பஸ் ஏறிக்கொண்டிருந்த ஒரு காலையில், தபால்காரர் என் வீட்டு வாசலில் நின்று, யாரோ தெரியாத ஆளைத் தேடுவதுபோல் அவர் பெயரை உரக்கப் படித்தார். நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். பழுப்பு உறை, உள்ளே ஒரே தாள். அதில் எதிர்பாராத சொல் ஒன்றுகூட இல்லை. பார்வை ஒன்றும் பார்வை இரண்டும் முடிந்து, மேற்படி ஆய்வின்போது மனுதாரர் நேரில் ஆஜராகாததால் மனு முடித்து வைக்கப்படுகிறது என்று இருந்தது. ஓரத்தில், பெறப்பட்ட நாளைக் குறித்துவைக்கும் பழைய பழக்கத்தில், பேனாவால் எழுதினேன்: ஆடி பதினெட்டு.